உயர்நிலைப் பள்ளிக் கணிதத்தில் எண்ணும் இயற்கணிதமும்: அடிப்படையிலிருந்து கற்பதற்கான முழுமையான வழிகாட்டி

காரணிப்படுத்துதல் வரவில்லை என்று சொல்லி மாலை வகுப்புக்கு வரும் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களின் நோட்டைப் புரட்டினால், பிழை பெரும்பாலும் காரணிப்படுத்துதலில் இருப்பதில்லை. இரண்டு குறை எண்களைக் கூட்டிய இடத்திலோ, அடைப்புக்குறியை நீக்கிய வரியிலோ, அதாவது ஆறாம் ஏழாம் வகுப்பிலேயே படித்து முடித்ததாக எண்ணியிருந்த ஒன்றில் கணக்கு வழி தவறியிருக்கும். ஆகவே இந்த வழிகாட்டி எண்களில் தொடங்கி, எழுத்துகளுக்குச் சென்று, காரணிப்படுத்துதலில் முடிகிறது. எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்களையும், வீட்டில் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பெற்றோரையும் மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன்.

பாடநூலில் எக்ஸ், ஒய் என்று வரும் மாறிகளை இங்கே க, ப என்று குறித்திருக்கிறேன். எழுத்து மாறினாலும் கணக்கு மாறாது.

1. தொடங்கும் முன் வேண்டியவை

வாய்ப்பாடு 12 வரை தடையின்றி வர வேண்டும். 1 முதல் 20 வரையிலான எண்களின் வர்க்கங்கள் மனத்தில் இருந்தால் பின்னால் பெரிதும் உதவும். வாய்ப்பாடு தெரியாமல் இயற்கணிதம் கற்க முடியாது என்பதில்லை. ஆனால் 7 × 8 எவ்வளவு என்று யோசிக்கும் நேரத்தில், அடைப்புக்குறிக்குள் எந்தக் குறி இருந்தது என்பது மறந்துவிடும்.

இரண்டு நோட்டுகள் தேவை. ஒன்று பயிற்சிக்கு, மற்றொன்று பிழைகளைக் குறித்து வைப்பதற்கு. கால்குலேட்டரை ஒதுக்கி வையுங்கள்.

பிறகு பின்வரும் ஆறு கணக்குகளை யாருடைய உதவியும் இல்லாமல் செய்து பாருங்கள்: −7 + 3, −7 − 3, (−7) × (−3), 2/3 + 1/4, 10 − 4 + 3, −3². விடைகள் முறையே −4, −10, 21, 11/12, 9, −9. ஆறும் சரியாக வந்தால் ஐந்தாம் படியிலிருந்து தொடங்கலாம். ஒன்று தவறினாலும் அடுத்த படியிலிருந்தே தொடங்குவது நல்லது. அங்கே செலவிடும் இரண்டு வாரங்கள் வீணாகாது.

2. குறை எண்கள்: முதலில் எண்கோடு, பிறகு விதி

வகுப்பறைகளில் காதில் விழும் “மைனஸும் மைனஸும் சேர்ந்தால் பிளஸ்” என்ற வாய்மொழி, நான் பார்த்த குறிப் பிழைகளில் பாதிக்குமேல் காரணமாக இருக்கிறது. அது பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் உரிய விதி. மாணவர் அதை −7 − 3 என்ற கணக்கிலும் பயன்படுத்தி, இரண்டு மைனஸ் இருப்பதால் விடை +10 என்று எழுதிவிடுகிறார்.

எனவே கூட்டலையும் கழித்தலையும் எண்கோட்டில்தான் தொடங்க வேண்டும். −7 இல் நின்றுகொண்டு 3 ஐக் கழிப்பது என்றால் இடப்பக்கம் மூன்று அடி நகர்வது. போய்ச் சேரும் இடம் −10. ஏழு ரூபாய் கடன்பட்டவர் மேலும் மூன்று ரூபாய் கடன் வாங்கினால் கடன் பத்து ரூபாய் என்பதும் இதேதான். அடுத்து −7 − (−3): கடனிலிருந்து மூன்று ரூபாய்க் கடன் நீக்கப்படுகிறது, எஞ்சுவது −4. ஓர் எண்ணைக் கழிப்பதும் அதன் எதிர் எண்ணைக் கூட்டுவதும் ஒன்றே என்பதை மாணவர் தாமே இதிலிருந்து கண்டுகொள்வார்.

பெருக்கல் விதியை மனப்பாடமாகக் கொடுக்காமல் வரிசையாக எழுதிக் காட்டுங்கள்: 3 × (−2) = −6; 2 × (−2) = −4; 1 × (−2) = −2; 0 × (−2) = 0. ஒவ்வொரு வரியிலும் விடை 2 கூடுகிறது. அந்த ஒழுங்கு நீடிக்க வேண்டுமானால் (−1) × (−2) என்பது 2 ஆகத்தான் இருக்க முடியும்.

கூட்டலையும் பெருக்கலையும் கலந்து ஒரே பக்கத்தில் இருபது கணக்குகள் செய்வதே இந்தப் படிக்கு உரிய பயிற்சி. தனித்தனியாகச் செய்தால் எல்லாம் சரியாக வரும், கலக்கும்போதுதான் குழப்பம் வெளிப்படும்.

3. பின்னங்கள்

2/3 + 1/4 = 3/7 என்று எழுதும் மாணவரிடம் விதியைச் சொல்வதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: 3/7 என்பது அரையைவிடப் பெரியதா, சிறியதா? சிறியது. 2/3 அரையைவிடப் பெரியது. அதனுடன் இன்னும் ஒரு துண்டைச் சேர்த்த பிறகு விடை எப்படிக் குறைய முடியும்? விடையின் அளவை இப்படி மதிப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால், பிழைகளை மாணவரே பிடித்துவிடுவார்.

பகுதிகளை, அதாவது பின்னங்களின் கீழ் எண்களை, சமமாக்குவதன் காரணம் எளிது. மூன்றில் ஒன்றும் நான்கில் ஒன்றும் வெவ்வேறு அளவுள்ள துண்டுகள். அளவு ஒன்றானால்தான் எண்ணிக் கூட்ட முடியும். 3, 4 ஆகியவற்றின் மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) 12 என்பதால் 8/12 + 3/12 = 11/12. வகுத்தலில் “தலைகீழாக்கிப் பெருக்கு” என்பதற்கும் பொருள் உண்டு: 3/4 ÷ 1/8 என்பது முக்காலுக்குள் எத்தனை அரைக்கால் இருக்கின்றன என்ற கேள்வி. ஒரு முழுமையில் எட்டு அரைக்கால், ஆகவே முக்காலில் 3/4 × 8 = 6.

இங்கேயே களைய வேண்டிய ஒரு பிழை, அடிப்பது. (6 + 4)/2 என்பதில் 6 ஐ மட்டும் 2 ஆல் அடித்து 3 + 4 = 7 என்று எழுதுவார்கள்; சரியான விடை 5. தொகுதியில் கூட்டல் இருக்கும்போது ஒவ்வோர் உறுப்பையும் வகுக்க வேண்டும். இதை எண்களில் திருத்தாவிட்டால், பத்தாம் வகுப்பின் விகிதமுறு கோவைகளில் (க + 4)/4 என்பதில் நான்கை அடித்துவிட்டுச் செல்லும் பிழையாக இது திரும்ப வரும்.

விகிதமுறு, விகிதமுறா எண்களைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லிச் செல்கிறேன். 22/7 என்பது பை-யின் தோராய மதிப்பு. 22/7 விகிதமுறு எண், பை விகிதமுறா எண். இரண்டும் சமம் என்று எழுதக் கூடாது.

4. செயல்வரிசையும் அடுக்குகளும்

செயல்வரிசையை நினைவில் வைக்கச் சொல்லித்தரும் போட்மாஸ் என்ற சொல்லில் வகுத்தல் பெருக்கலுக்கு முன்னும், கூட்டல் கழித்தலுக்கு முன்னும் வருவதால், 10 − 4 + 3 என்பதில் முதலில் 4 + 3 ஐக் கூட்டி 3 என்று விடை எழுதுகிறார்கள். பெருக்கலும் வகுத்தலும் ஒரே தகுதி உடையவை, கூட்டலும் கழித்தலும் அப்படியே. ஒரே தகுதி உடையவற்றை இடமிருந்து வலமாகச் செய்ய வேண்டும். ஆகவே விடை 9. அதே காரணத்தால் 24 ÷ 4 × 2 = 12.

−3² என்பதில் அடுக்கு 3 க்கு மட்டுமே உரியது, எனவே −9. (−3)² என்பதில் அடைப்புக்குறிக்குள் உள்ள முழுவதற்கும் உரியது, எனவே 9. அடுக்கு விதிகளை விரித்து எழுதியே கற்க வேண்டும்: 2³ × 2⁴ என்பதில் மூன்று இரண்டுகளும் நான்கு இரண்டுகளும் சேர்ந்து ஏழு இரண்டுகள், ஆகவே 2⁷. அடிமானங்களையும் பெருக்கி 4⁷ என்று எழுதும் பிழை, விரித்து எழுதுபவருக்கு வருவதே இல்லை.

5. எழுத்து என்பது ஓர் எண்

3க + 2ப என்பதை “மூன்று கத்தரிக்காயும் இரண்டு பப்பாளியும்” என்று விளக்குவது சொல்லிக்கொடுப்பவருக்கு எளிதாக இருக்கிறது. ஆனால் க என்பது கத்தரிக்காய் என்றால் க² என்பது என்ன? க × ப என்பது என்ன? இரண்டே வாரங்களில் அந்த விளக்கம் பயனற்றுப்போய், மாணவர் எழுத்துகளை வெறும் அடையாளங்களாகப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார். க என்பது ஒரு கிலோ கத்தரிக்காயின் விலை, ரூபாயில். அது ஓர் எண். மூன்று கிலோவின் விலை 3க என்று முதல் நாளிலிருந்தே சொல்ல வேண்டும்.

அடுத்து, பிரதியிடுதல். க = 5 எனில் 3க எவ்வளவு என்று கேட்டால் 35 என்று எழுதுவோர் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். எண்ணும் எழுத்தும் அருகருகே இருந்தால் நடுவில் பெருக்கல் குறி மறைந்திருக்கிறது. தொடக்கத்தில் சில நாட்கள் 3 × க என்றே எழுதட்டும்.

பிரதியிடும்போது எண்ணை எப்போதும் அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும். க = −3 எனில் க² − 2க = (−3)² − 2(−3) = 9 + 6 = 15. அடைப்புக்குறி இல்லாமல் எழுதியவர் −9 − 6 = −15 என்ற விடைக்குப் போய்ச் சேர்வார். ஒரு மாதம் இதைக் கட்டாயமாகச் செய்தால் பிறகு கை தானாகவே எழுதும்.

சொற்களைக் கோவையாக மாற்றும்போது வேற்றுமை உருபைக் கவனிக்க வேண்டும். “க-இலிருந்து 5 ஐக் கழிக்க” என்பதும் “5 ஐ க-இலிருந்து கழிக்க” என்பதும் ஒன்றுதான், இரண்டும் க − 5. ஆனால் இரண்டாவது தொடரில் 5 முதலில் வருவதால் 5 − க என்று எழுதிவிடுகிறார்கள். “இருந்து” என்ற சொல் எதனோடு ஒட்டியிருக்கிறதோ அதுவே முதலில் எழுதப்பட வேண்டும்.

6. ஒத்த உறுப்புகளும் அடைப்புக்குறியும்

மற்ற எல்லாப் படிகளையும்விட இந்தப் படியில் அதிக நாட்கள் தங்குங்கள்.

3க + 2 ஐ 5க என்று சுருக்குவது முதல் பிழை. க-வின் இடத்தில் 10 ஐப் போட்டுப் பார்த்தால் 3க + 2 = 32, 5க = 50. இரண்டும் ஒன்றல்ல. இப்படி ஓர் எண்ணைப் போட்டுப் பார்ப்பதுதான் இயற்கணிதத்தில் மாணவர் கையில் இருக்கும் மிகச் சிறந்த சோதனை. ஆனால் எண்ணைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். க = 1 என்று போட்டால் 3க + 2, 5க இரண்டுமே 5 ஆகி, பிழை மறைந்துவிடும். க = 2 என்று போட்டால் க²-உம் 2க-வும் ஒன்றாகிவிடும். ஆகவே 0, 1, 2 ஆகியவற்றைத் தவிர்த்து 5, 10 போன்ற எண்களைப் பயன்படுத்துங்கள். மதிப்புகள் வேறுபட்டால் சுருக்கியது தவறு என்பது உறுதி. ஒத்துப்போனால் அது சரி என்பதற்கு நல்ல அறிகுறிதான், நிரூபணம் அல்ல. ஐயம் இருந்தால் இன்னொரு எண்ணையும் போட்டுப் பார்க்கலாம்.

இரண்டாவது பிழை, அடைப்புக்குறிக்கு முன் உள்ள கழித்தல் குறி. ஒரு மாணவி என் எதிரில் 7 − (2க − 5) என்ற கணக்கைச் செய்தாள். 7 − 2க என்று வேகமாக எழுதியவளின் பென்சில் அங்கே நின்றது. பிறகு − 5 என்று எழுதி, 2 − 2க என்று முடித்தாள். விதி தெரியுமா என்று கேட்டேன். “உள்ளே இருக்கும் குறியெல்லாம் மாறும்” என்று சரியாகவே சொன்னாள். விதி வாயில் இருந்தது, பொருள் மனத்தில் இல்லை.

அவளிடம் ஒரு கடைக் கணக்கைக் கொடுத்தேன். 100 ரூபாயுடன் கடைக்குப் போகிறாய். 60 ரூபாய்ப் பொருளுக்கு 10 ரூபாய் தள்ளுபடி தருகிறார்கள். கையில் எவ்வளவு மிஞ்சும்? 50 என்று உடனே சொன்னாள். அதையே 100 − (60 − 10) என்று எழுதச் சொல்லி, அவள் வழியில் அடைப்புக்குறியை நீக்கச் சொன்னபோது 100 − 60 − 10 = 30 என்று வந்தது. தள்ளுபடி கொடுத்த பிறகும் கையிருப்பு குறைந்துவிட்டதைப் பார்த்து அவளே அழித்துவிட்டு, 100 − 60 + 10 என்று எழுதினாள். கழிப்பதிலிருந்து ஒன்றைக் குறைத்தால் அது நம்மிடமே திரும்பி வருகிறது. குறி மாறுவதன் காரணம் இவ்வளவுதான்.

எழுதும் முறை: 7 − (2க − 5) = 7 + (−1)(2க − 5) = 7 − 2க + 5 = 12 − 2க. நடுவில் உள்ள வரியை விடாமல் எழுதச் செய்யுங்கள். வேகம் பிறகு வரும்.

7. சமன்பாடு

சமன் குறியை “விடை இதோ” என்பதற்கான குறியாகவே பல மாணவர்கள் பார்க்கிறார்கள். 5 + 3 = 8 × 2 = 16 என்று தொடர்ந்து எழுதுவது அதன் அடையாளம்; 5 + 3 என்பது 16 ஆகாது. சமன் குறி, தராசின் இரு தட்டுகளும் சமம் என்று சொல்லும் கூற்று. இது பதியாதவரைச் சமன்பாட்டுக்குள் அழைத்துச் செல்லாதீர்கள்.

“அந்தப் பக்கம் போனால் குறி மாறும்” என்ற சொல்லைத் தொடக்கத்தில் நான் பயன்படுத்துவதே இல்லை. 3க = 12 என்ற சமன்பாட்டில் 3 ஐ அந்தப் பக்கம் கொண்டுபோய் க = 12 − 3 = 9 என்று எழுதுபவரும், 12 ஐ −3 ஆல் வகுத்து −4 என்று எழுதுபவரும் அந்தச் சொல்லைத்தான் பின்பற்றுகிறார்கள். இரு பக்கமும் என்ன செய்கிறோம் என்பதை வலப்புறம் சிறு குறிப்பாக எழுதுவதே பாதுகாப்பானது.

5க − 3 = 2க + 12
3க − 3 = 12 (இரு பக்கமும் 2க கழிக்க)
3க = 15 (இரு பக்கமும் 3 கூட்ட)
க = 5 (இரு பக்கமும் 3 ஆல் வகுக்க)

சரிபார்த்தல்: இடப்பக்கம் 25 − 3 = 22, வலப்பக்கம் 10 + 12 = 22. சரிபார்க்கும் வரியும் விடையின் ஒரு பகுதியே. அது இல்லாத கணக்கு முடிந்த கணக்கு அல்ல.

பின்னம் வரும் சமன்பாட்டில் முதலில் பகுதிகளை நீக்க வேண்டும். க/2 + க/3 = 10 என்பதை 6 ஆல் பெருக்கினால் 3க + 2க = 60, க = 12. இங்கே வலப்பக்கத்து 10 ஐப் பெருக்க மறந்து 5க = 10 என்று எழுதுவது வழக்கமான பிழை. இதற்கு மறுபுறமும் ஒரு பிழை உண்டு: 3க + 6 ஐச் சுருக்குக என்று கேட்டால், 3 ஆல் வகுத்து க + 2 என்று விடை தருவது. அங்கே சமன் குறி இல்லை, தராசும் இல்லை, ஆகவே வகுக்க உரிமை இல்லை. 3(க + 2) என்று எழுதலாம், அவ்வளவே.

8. சொல் கணக்கு

தந்தைக்கு 38 வயது, மகளுக்கு 10 வயது. எத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு தந்தையின் வயது மகளின் வயதைப் போல் மூன்று மடங்காகும்?

முதல் வரியில் க என்பது எது என்று அலகோடு எழுத வேண்டும்: “க ஆண்டுகளுக்குப் பிறகு என்க.” அதை எழுதாமல் தொடங்குபவர், கடைசியில் வரும் எண் வயதா ஆண்டா என்று தெரியாமல் நிற்பார். அடுத்து அப்போதைய வயதுகளைத் தனித்தனியாக எழுத வேண்டும்: தந்தை 38 + க, மகள் 10 + க. அதன் பிறகே சமன்பாடு: 38 + க = 3(10 + க). விரித்தால் 38 + க = 30 + 3க, 8 = 2க, க = 4.

அடைப்புக்குறியை விட்டுவிட்டு 38 + க = 3 × 10 + க என்று எழுதினால் 38 = 30 என்று வந்து நிற்கும். மகளின் அப்போதைய வயது முழுவதையும் மும்மடங்காக்க வேண்டும் என்பதால்தான் அடைப்புக்குறி. விடையைச் சமன்பாட்டில் போட்டுப் பார்ப்பதோடு நிறுத்தாமல் கேள்வியின் சொற்களிலும் போட்டுப் பாருங்கள்: 42, 14, மூன்று மடங்கு. சமன்பாட்டையே தவறாக அமைத்திருந்தால் இந்தச் சரிபார்ப்பு மட்டுமே அதைக் காட்டிக்கொடுக்கும்.

9. முற்றொருமைகள்

மாறிகளுக்கு எந்த எண்ணைப் போட்டாலும் மெய்யாகும் சமன்பாடே முற்றொருமை. (க + ப)² = க² + ப² என்பது மிகப் பரவலான பிழை. க = 3, ப = 4 என்று போட்டால் இடப்பக்கம் 49, வலப்பக்கம் 25. விடுபட்ட 24 எங்கே என்பதைப் படமாக வரைந்து காட்டுங்கள். 7 அலகு பக்கமுள்ள சதுரத்தை 3, 4 என்று இரு பக்கங்களிலும் பிரித்துக் கோடு போட்டால், 9, 16 பரப்புள்ள இரு சதுரங்களும், 12 பரப்புள்ள இரு செவ்வகங்களும் கிடைக்கும். அந்த இரு செவ்வகங்களே 2கப. ஆகவே (க + ப)² = க² + 2கப + ப².

படித்த முற்றொருமையை உடனே எண்களில் பயன்படுத்த வேண்டும். 103² = 10000 + 600 + 9 = 10609. (க − ப)(க + ப) = க² − ப² என்பதால் 98 × 102 = (100 − 2)(100 + 2) = 100² − 2² = 9996.

10. காரணிப்படுத்துதல்

இது விரித்தலின் மறுதலை. ஆகவே விரித்தல் தடையின்றி வந்த பிறகே இதற்கு வர வேண்டும். வரிசை முக்கியம்: முதலில் பொதுக் காரணி, அடுத்து இரு வர்க்கங்களின் வித்தியாசமா என்ற சோதனை, கடைசியாக மூன்று உறுப்புகள். 2க² + 10க + 12 என்பதில் பொதுக் காரணி 2 ஐ வெளியே எடுத்தால் 2(க² + 5க + 6) = 2(க + 2)(க + 3) என்று இரண்டே வரியில் முடியும்.

க² − க − 12 என்பதற்குப் பெருக்கற்பலன் −12, கூடுதல் −1 ஆகும் இரு எண்கள் தேவை. 12 இன் காரணிச் சோடிகள் (1, 12), (2, 6), (3, 4) மூன்றையும் எழுதிவிட்டுக் குறிகளைப் பொருத்துங்கள்: −4, 3. எனவே (க − 4)(க + 3). இரண்டாம் படியில் தடுமாறியவர் இங்கே கட்டாயம் தடுமாறுவார்.

2க² + 7க + 3 என்பதில் முதல், கடைசி எண்களின் பெருக்கல் 6, நடு எண் 7; ஆகவே 7க-வை 6க + க என்று பிரித்தால் 2க(க + 3) + 1(க + 3) = (2க + 1)(க + 3). அந்த 1 ஐ எழுதாமல் விடுபவர் கடைசி வரியில் 2க(க + 3) என்று முடித்துவிடுவார். எழுதிய விடையை ஒவ்வொரு முறையும் பெருக்கிப் பார்ப்பது அரை நிமிட வேலை.

11. அன்றாடப் பயிற்சியும் பிழை நோட்டும்

நாளுக்கு அரை மணி நேரம் போதும். பத்துக் கணக்குகளில் ஆறு அன்றைய படியிலிருந்தும், நான்கு முந்தைய படிகளிலிருந்தும் இருக்கட்டும். பழையதைக் கலக்காமல் படித்தால் மூன்றே வாரத்தில் குறை எண்கள் மீண்டும் பிழையாகத் தொடங்கும்.

பிழை நோட்டில் தவறான வரியை அப்படியே எழுதி, அதன் கீழே சரியான வரியையும், ஏன் தவறியது என்பதை ஒரே வாக்கியத்திலும் எழுத வேண்டும். “கவனக்குறைவு” என்று எழுத அனுமதிக்காதீர்கள். “அடைப்புக்குறிக்குள் இருந்த இரண்டாவது உறுப்பைப் பெருக்கவில்லை” என்பது போல எழுதினால்தான் திருத்த முடியும். ஏழு நாள் கழித்து அதே கணக்கை, நோட்டைப் பார்க்காமல், வேறு எண்களுடன் மீண்டும் செய்யச் சொல்லுங்கள். சரியாக வந்தால் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு குறியிட்டு அடுத்ததற்குச் செல்லலாம்; வராவிட்டால், அந்தப் பிழை எந்தப் படிக்கு உரியதோ அந்தப் படியின் எண் கணக்குகளில் ஐந்தை மறுநாள் பயிற்சியின் தொடக்கத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.